சிறுசெலவில் ஒலிப்பெட்டி

பிறமொழி வழங்கும் ஊரில் குடியேறி வாழும் குடும்பத்திற்குத் தமிழ் பெரும்பாலும் செவிவழியாகவே வந்து சேர்கிறது. பெங்களூரில் வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் இந்தியும் பயில்கிறார்கள். தமிழ் எழுத்தைக் கற்கும் வாய்ப்பு அவர்களிற் பலருக்குக் கிட்டுவதில்லை. வீட்டிலே பெற்றோர் பேசும் பேச்சும், வானொலியிலும் திரைப்படத்திலும் கேட்கும் பேச்சுமே அவர்களுக்குத் தமிழ் இலக்கணம் ஆகின்றன. அப்பேச்சு தெளிவாகக் காதில் விழவேண்டும் அன்றோ? அதற்கு வேண்டிய கருவியை மிகுந்த பொருட்செலவின்றி நாமே செய்துகொள்வது எவ்வாறு என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் நம் வீட்டில் நேர்ந்த ஒன்றைக் கூறிவிடுவோம். சில ஆண்டுகளுக்கு முன், 'ஹோம் தியேட்டர்' என்று பெயர் எழுதிய ஆறு பெட்டிகள் கொண்ட ஒரு தொகுதியை ஒரு கடையில் வாங்கினோம். பெட்டியின்மேல் ஆயிரக்கணக்கான வாட் என்று அச்சிட்டிருந்தது. வீட்டிற்குக் கொண்டுவந்து வைத்ததும் சண்டைக் காட்சிகளில் ஜன்னல் அதிர்ந்தது உண்மை. ஆனால் பாத்திரங்கள் பேசியது விளங்கவில்லை. ஒரு நாள் வானொலிப் பேச்சைக் கேட்டுவிட்டு, அதில் வந்த சொல்லை நம் வீட்டுச் சிறுவன் 'வாளை' என்று திருப்பிச் சொன்னான். பேசியவர் கூறியது வாழையைப் பற்றி. அவனைத் திருத்தும்பொருட்டு மீண்டும் கேட்டுப் பார்த்தோம். நமக்குமே அது வாழையா வாளையா என்று துணிய முடியவில்லை. பிழை பிள்ளையினுடையது அன்று, பெட்டியினுடையது என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று.

இதற்குக் காரணம் என்ன? மனிதக் குரலின் அடித்தளமான ஒலி, ஆடவர்க்குப் பொதுவாக விநாடிக்கு நூறு, நூற்றிருபது அதிர்வு என்ற அளவிலும், பெண்டிர்க்கு இருநூறு என்ற அளவிலும் அமைகிறது. குரலுக்குக் கனம் தருவது அதுவே. ஆயினும் எழுத்துக்கு எழுத்து வேறுபாட்டைக் காட்டுவது அந்த அடித்தள ஒலி அன்று; அதன்மேல் எழும் உயர்ந்த அதிர்வுகளே. லகர, ளகர, ழகரங்களையும், ரகர றகரங்களையும் செவி பிரித்தறிவதற்கு விநாடிக்குச் சுமார் 1,500 முதல் 3,000 வரையுள்ள அதிர்வுகள் பெரிதும் உதவுகின்றன. சகரம், ஸகரம் போன்ற உரசொலிகளின் கூர்மை அதற்கும் மேலே, 4,000 அதிர்வைக் கடந்து நிற்கிறது. நாம் வாங்கிய தொகுதி அடித்தள முழக்கத்தை மிகுத்துக் காட்டி, எழுத்துகள் வாழும் நடுப்பகுதியை அமுக்கிவிட்டது. பழங்கன்னடத்தில் ழகரம் இருந்தது. இன்றைய கன்னடத்தில் அது வழக்கிழந்துவிட்டது. எனவே இவ்வூரில் வளரும் பிள்ளை அவ்வொலியைத் தெருவில் கேட்பதற்கில்லை. வீட்டில் கேட்கும் சிறிதளவும் மழுங்கிவிடுமானால் வேறு போக்கிடம் ஏது?

ஒலிபெருக்கி என்பது ஒரு மொழிபெயர்ப்பாளனைப் போன்றது. மின்னோட்டம் என்னும் மொழியில் வந்த செய்தியைக் காற்றின் அசைவு என்னும் மொழியில் அது எடுத்துரைக்கிறது. நல்ல மொழிபெயர்ப்பாளன் தன் சொந்தச் சரக்கைச் சேர்ப்பதில்லை; மூலத்தில் உள்ளதை விடுவதுமில்லை. மலிவான பெட்டிகள் இவ்விரு குற்றங்களையும் ஒருங்கே செய்கின்றன.

இன்று நாம் காணும் ஒலிபெருக்கியின் அமைப்பை அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் 1925ஆம் ஆண்டில் வகுத்தனர். ஒரு காந்தத்தின் இடைவெளியில் கம்பிச் சுருள் ஒன்று தொங்குகிறது. அச்சுருள் ஒரு காகிதக் கூம்பின் அடியில் ஒட்டப்பட்டுள்ளது. பாட்டுக்கோ பேச்சுக்கோ ஏற்ப மாறும் மின்னோட்டம் சுருளில் பாயும்போது, சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. கூம்பும் உடன் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. நூறாண்டு கழிந்தும் இந்த அடிப்படை மாறவில்லை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கூம்பு முன்னே காற்றைத் தள்ளும் அதே கணத்தில் பின்னே காற்றை இழுக்கிறது. பெட்டியில்லாத வெறும் ஒலிபெருக்கியை மேசைமேல் வைத்தால், பின்புறத்து அலை சுற்றி வந்து முன்புறத்து அலையை அழித்துவிடும். விநாடிக்கு நூறு அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 3.4 மீட்டர். அத்தனை நீண்ட அலைக்கு ஒரு சாண் அகலமுள்ள கூம்பைச் சுற்றி வருவது எளிது. கனமான ஒலி இவ்வாறு மறைந்து, கீச்சென்ற ஒலியே எஞ்சும். ஆகவே பெட்டி என்பது அழகுக்காக அன்று; பின்னலையைச் சிறைப்படுத்தவே. பெட்டி எத்தனை பெரிது, எத்தனை உறுதி, எத்தனை இறுக்கம் என்பவற்றைப் பொறுத்தே ஒலியின் தரம் அமையும். பெட்டி செய்வதற்குத் தச்சு வேலையே வேண்டும். ஆகையால் நாம் பொருளை மிச்சப்படுத்தக் கூடிய இடமும் அதுவே.

மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றே வில்போல நின்று கூம்பைத் தாங்கலாம் என்பதை அமெரிக்கரான எட்கர் வில்ச்சர் 1954இல் செய்து காட்டினார். அதனால் அலமாரியளவு இருந்த பெட்டிகள் புத்தகத் தட்டில் வைக்குமளவு சிறுத்தன. பின்னர் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இல் வெளியிட்ட ஆராய்ச்சியும், ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் அதனை விரித்து எழுதியவையும் பெட்டியின் அளவைக் கணக்கிட்டே கூறும் வழியைத் தந்தன. இன்று நாம் கையாளப்போவது அக்கணக்கையே.

பெங்களூரில் இவ்வேலைக்கு வேண்டிய பொருள்களுக்கு அலையவேண்டியதில்லை. டவுன் ஹாலுக்கு அண்மையில் உள்ள சதார் பத்ரப்ப சாலை, அதாவது எல்லோரும் எஸ்.பி. சாலை என்று அழைக்கும் தெரு, மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்பெற்றது. பிற ஊர்களில் வாழும் அன்பர்கள் மும்பையில் லாமிங்டன் சாலையையும், டில்லியில் செங்கோட்டைக்கு எதிரேயுள்ள லஜபதிராய் மார்க்கெட்டையும் நாடலாம். விடுமுறைக்குச் சென்னை செல்வோர்க்கு ரிச்சி தெரு உண்டு.

இனி என்ன வாங்குவது என்று பார்ப்போம். ஆறு பெட்டிகளை ஒருங்கே செய்ய முற்படுவதே முதற்பிழை. சிறு பணத்தை ஆறாகப் பகிர்ந்தால் ஆறும் குறையுடையனவாகும். முதலில் இரண்டு நல்ல பெட்டிகள் செய்வோம். இவ்விரண்டும் பின்னாளில் ஐந்து பெட்டித் தொகுதியின் முன்வரிசையாக நிற்கும்; பணம் வீணாகாது. விலைவாசி மாறிக்கொண்டே இருப்பதால் தொகையைக் கூறாமல் பங்கைக் கூறுகிறோம். கையிலுள்ள பணத்தைப் பத்துப் பங்காக வைத்துக்கொண்டால், ஒலிபெருக்கிகளுக்கு ஐந்து, மரத்திற்கும் தச்சுக்கும் இரண்டு, பெருக்கிப் பலகைக்கும் அதன் மின்வழங்கிக்கும் இரண்டு, கம்பி, கபாசிட்டர் முதலியவற்றிற்கு ஒன்று என்று வகுக்கலாம்.

ஒவ்வொரு பெட்டிக்கும் ஆறு அங்குல வூஃபர் ஒன்றும், ட்வீட்டர் ஒன்றும் வேண்டும். இரண்டும் எட்டு ஓம் மின்தடை உடையனவாக இருத்தல் நலம். வூஃபர் வாங்கும்போது கடைக்காரரிடம் மூன்று எண்களைக் கேட்கவேண்டும். கூம்பு இயல்பாக அதிரும் அளவைக் குறிப்பது எஃப்.எஸ்.; அதன் அசைவு எத்துணை விரைவில் அடங்கும் என்பதைக் காட்டுவது கியூ.டி.எஸ்.; அதன் தொங்கலின் இளக்கத்தை லிட்டர் அளவில் சொல்வது வி.ஏ.எஸ். இம்மூன்றையும் அச்சிட்ட தாள் இல்லாத வூஃபரை, எவ்வளவு மலிவாயினும், வாங்குதல் வேண்டா. 'இத்தனை வாட்' என்னும் எண்ணைப் பார்த்து மயங்கவும் வேண்டா. வீட்டில் பேச்சுக் கேட்பதற்கு ஒன்றிரண்டு வாட்டே போதும். அதைவிட முக்கியமானது, ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் ஒலி எழும் என்னும் எண். 87 டெசிபல் உடையதைவிட 90 டெசிபல் உடையது பாதி மின்திறனிலேயே அதே ஒலியைத் தரும்.

கணக்குக்கு ஓர் எடுத்துக்காட்டு. எஃப்.எஸ். 50, கியூ.டி.எஸ். 0.5, வி.ஏ.எஸ். 20 லிட்டர் உள்ள ஒரு வூஃபரைக் கொள்வோம். மூடிய பெட்டியில் அடங்கிய, சீரான ஒலி கிடைப்பதற்குப் பெட்டியோடு சேர்ந்த கியூ எண் 0.707 ஆக இருத்தல் வேண்டும். 0.707ஐ 0.5ஆல் வகுத்தால் 1.414. அதனைத் தன்னாலேயே பெருக்கினால் 2. அதில் ஒன்றைக் கழித்தால் 1. வி.ஏ.எஸ். எண்ணாகிய 20ஐ இந்த 1ஆல் வகுக்க, பெட்டியின் உட்கொள்ளளவு 20 லிட்டர் என்று வருகிறது. 50ஐ 1.414ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 71. அதாவது விநாடிக்கு 71 அதிர்வு வரை இப்பெட்டி நன்கு ஒலிக்கும். அதன்கீழ் மெல்லத் தேயும். ஆடவர் குரல் முழுமையாக இதில் அடங்கும். உங்கள் வூஃபரின் எண்கள் வேறானால், இதே வழியில் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

துளைக் குழாய் வைத்த பெட்டி இன்னும் ஆழ்ந்த ஒலி தருமே என்று சிலர் வினவலாம். தரும். ஆனால் அதன் அளவு சிறிது பிசகினாலும் ஒரே சுருதியில் உறுமத் தொடங்கிவிடும். மூடிய பெட்டியோ சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். முதன்முறை செய்வோர்க்கு மூடிய பெட்டியே ஏற்றது.

உயரம் 40, அகலம் 20, ஆழம் 25 செண்டிமீட்டர் என்று உள்ளளவு கொண்டால், பெருக்கி வருவது 20,000 கன செண்டிமீட்டர். அதாவது 20 லிட்டர். 18 மில்லிமீட்டர் கனமுள்ள பிளைவுட்டில் ஒரு பெட்டிக்கு வேண்டியன: பக்கப் பலகை 43.6க்கு 28.6 அளவில் இரண்டு. மேலும் கீழும் வைக்க 20க்கு 28.6 அளவில் இரண்டு. முன்னும் பின்னும் வைக்க 20க்கு 40 அளவில் இரண்டு. இரண்டு பெட்டிக்கும் சேர்த்து எட்டடிக்கு நாலடிப் பலகையில் பாதியே போதும். பாதிப் பலகையில் பக்கப் பலகைகள் நான்கையும் ஒரு வரிசையாகவும், மேல்கீழ்ப் பலகைகள் நான்கையும் அடுத்த வரிசையாகவும், முன்பின் பலகைகள் நான்கையும் மூன்றாம் வரிசையாகவும் வெட்டினால் சிதைவின்றி அடங்கும். பலகை விற்கும் கடையிலேயே இயந்திர வாளால் அளந்து வெட்டி வாங்குவது நலம். கையால் அறுத்தால் விளிம்பு கோணும். கோணிய விளிம்பில் காற்றுக் கசியும். பழைய கட்டில், அலமாரிப் பலகை நல்ல நிலையில் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். அறுக்கும்போது எழும் தூள் மூச்சுக்குக் கேடு. முகத்தில் துணி கட்டிக்கொள்ள வேண்டும்.

பலகைகளை மரப்பசையும் திருகாணியும் கொண்டு இணைத்து, உள்மூலைகளில் மீண்டும் ஒரு வரி பசை ஓட்டவேண்டும். இரு பக்கப் பலகைகளுக்கும் நடுவே ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்தால் பெட்டி தானே அதிர்ந்து ஒலிப்பது குறையும். உள்ளே தலையணைக்குப் பயன்படும் பாலியெஸ்டர் பஞ்சைத் தளர்வாக நிரப்பலாம். முட்டுக்கட்டையும் வூஃபரின் பின்பகுதியும் அடைத்துக்கொள்ளும் இடத்தை இப்பஞ்சு ஓரளவு ஈடுசெய்யும். வூஃபரின் விளிம்புக்கும் பலகைக்கும் இடையே மெத்தென்ற நுரை நாடா ஒட்டுதல் வேண்டும். எல்லாம் முடிந்தபின், கூம்பை விரல்களால் மிக மென்மையாக அழுத்தி விட்டால் அது மெல்லத் திரும்பி வரவேண்டும். சட்டென்று திரும்பினால் எங்கோ காற்றுக் கசிகிறது என்று பொருள்.

அடுத்தது, கிராஸ்ஓவர் எனப்படும் பிரிப்பான். கனத்த ஒலியை வூஃபருக்கும், நுண்ணிய ஒலியை ட்வீட்டருக்கும் பகிர்ந்தளிப்பது இது. இரண்டும் கைமாறும் இடத்தை 3,000 அதிர்வில் வைப்போம். ழகரத்துக்கு வேண்டிய பகுதியின் பெரும்பங்கு வூஃபர் ஒன்றினிடமே நிற்கும்பொருட்டே இவ்விடத்தைத் தேர்ந்தோம். எட்டு ஓம் ட்வீட்டருக்கு 6.8 மைக்ரோஃபாரட் அளவுள்ள, துருவமில்லாத கபாசிட்டர் ஒன்றைத் தொடராக இணைத்தால் இப்பிரிவு கிட்டும். வூஃபருக்கு 0.42 மில்லிஹென்றி அளவுள்ள கம்பிச்சுருள் தொடராக வேண்டும். பலருடைய பெட்டிகளில் ட்வீட்டர் வூஃபரைவிட உரத்து ஒலிக்கும், சகரமெல்லாம் சீறும். அப்போது 10 வாட் தாங்கும் 3 ஓம் தடை ஒன்றை ட்வீட்டரோடு தொடராகச் சேர்க்கலாம். ஆனால் அவ்வாறு சேர்த்தால் எட்டு ஓம் பதினொன்றாகிவிடுகிறது. கைமாறும் இடம் ஏறக்குறைய 2,100க்கு இறங்கிவிடும். ஆகையால் கபாசிட்டரை 4.7 மைக்ரோஃபாரட் ஆக மாற்றி, மீண்டும் 3,000க்குக் கொண்டுவருதல் வேண்டும். இதை மறப்போர் பலர்.

பெருக்கிக்கு, டி.பி.ஏ. 3116 என்னும் சில்லு பொருத்திய ஆயத்தப் பலகை எஸ்.பி. சாலையில் கிடைக்கிறது. அதற்கு மின்மாற்றியைத் திறந்த நிலையில் வைத்துக் கட்டுவதை விட, முத்திரை பெற்ற மடிக்கணினி அடாப்டர் ஒன்றைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு. 230 வோல்ட் மின்சாரத்தில் கைவைத்துப் பழகாதோர் அதைத் தொடவே வேண்டா. பிள்ளைகள் உள்ள வீட்டில் இதனை இருமுறை கூறினும் தகும்.

நாம் செய்த முதற் பெட்டிகளில் நேர்ந்த தவற்றையும் மறைக்காமல் சொல்லுகிறோம். எல்லாம் முடித்து ஒரு மிருதங்கத் தனியாவர்த்தனத்தைக் கேட்டால், தொப்பியின் கும்காரம் எங்கோ ஒளிந்துகொண்டது. இரண்டு நாள் கணக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். பிறகு தெரிந்தது, ஒரு பெட்டியின் கம்பிகளை மாற்றி இணைத்திருந்தோம் என்று. ஒரு கூம்பு முன்னே செல்லும்போது மற்றது பின்னே சென்று, ஒன்றின் ஒலியை ஒன்று அழித்துவிட்டது. இதனைத் தவிர்க்க எளிய வழி உண்டு. பெட்டியில் பொருத்துமுன், 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை வூஃபரின் முனைகளில் ஒரு கணம் தொட்டுப் பார்க்கவேண்டும். கூம்பு வெளிநோக்கி நகர்ந்தால், பேட்டரியின் நேர்முனை தொட்ட முனையே வூஃபரின் நேர்முனை. இதனை வூஃபரில் மட்டும் செய்க, ட்வீட்டரில் செய்யற்க.

மிருதங்கம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்து, 1933இல் பெங்களூருக்கு வந்து, 1970இல் மறையும் வரை இவ்வூரிலேயே வாழ்ந்த சர் சி.வி. ராமன், நம் தோற்கருவிகளின் ஒலியை ஆராய்ந்தவர். சாதாரணத் தோற்பறையின் மேலொலிகள் சுருதிக்கு இசைவதில்லை. மிருதங்கத்தின் நடுவிலுள்ள கரிய பசைவட்டமே அவற்றைச் சுருதியோடு இசையச் செய்கிறது என்று 1920இல் அவர் எடுத்துக்காட்டினார். வலந்தலையின் சுருதி உங்கள் பெட்டியில் பாடகர் சுருதியோடு ஒன்றி ஒலிக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். சிறந்த பரிசோதனை அதுவே. மற்றொன்று, நீங்கள் நேரில் நன்கு அறிந்த ஒருவருடைய குரலைப் பதிந்து, அதில் கேட்பது.

பெட்டியை வைக்கும் இடமும் பாதி வேலை செய்கிறது. இரு பெட்டிகளும் கேட்பவரும் மூன்று மூலைகளாக, சமபக்க முக்கோணமாக அமைதல் வேண்டும்; ட்வீட்டர் அமர்ந்திருப்பவர் காதளவு உயரத்தில் இருத்தல் வேண்டும். சுவர்மூலையில் தள்ளிவைத்தால் முழக்கம் மிகும். வெறுஞ்சுவரும் மொசைக் தரையும் உள்ள வாடகை வீட்டில் எதிரொலி எழுத்துகளைக் கலக்கிவிடும். தரையில் ஒரு பவானி ஜமக்காளமும், சுவரோரம் புத்தக அலமாரியும், ஜன்னலுக்குக் கனத்த திரையும் இருந்தால் விலையுயர்ந்த கருவியை விட மிகுதியாக நன்மை செய்யும். பெட்டியின் அடியில் ரப்பர்த் துண்டுகள் வைத்தால் கீழ்வீட்டாருக்குத் தொல்லை குறையும். அயலூரில் அண்டை வீட்டாரின் நல்லெண்ணம் நமக்கு வேண்டிய செல்வம்.

திரைப்படம் காண்போர்க்கு ஒரு குறிப்பு. ஐந்து பெட்டிக்கென அமைத்த ஒலிப்பதிவில் உரையாடல் பெரும்பாலும் நடுப்பெட்டிக்கே அனுப்பப்படுகிறது. இரண்டு பெட்டி வைத்திருப்போர் தொலைக்காட்சியின் ஒலி அமைப்பை 'ஸ்டீரியோ' என்று மாற்றி வைக்காவிட்டால், பேச்சு மங்கிப்போகக் கூடும். பின்னாளில் கைவசம் பணம் சேர்ந்தால், அதே வூஃபர், அதே ட்வீட்டர் கொண்டு நடுப்பெட்டி ஒன்று செய்து சேர்க்கலாம். அதன்பின் இரு பக்கப் பெட்டிகள். இடி முழக்கத்துக்கான பெரும்பெட்டி கடைசியாக.

தாமே செய்து கேட்பது நம் நாட்டு வானொலிக்குப் புதிதன்று. சென்னையில் 1924இல் ஆர்வலர்கள் கூடிச் சங்கம் அமைத்தே வானொலி ஒலிபரப்பைத் தொடங்கினர். மைசூரில் பேராசிரியர் எம்.வி. கோபாலஸ்வாமி 1935இல் தம் இல்லத்திலேயே ஒலிபரப்பு நிலையம் நடத்தினார். அதற்கு இட்ட 'ஆகாசவாணி' என்னும் பெயரே பின்னர் நாடு முழுவதற்கும் உரியதாயிற்று. ஓய்வு நேரத்தில் கைத்திறனால் தொடங்கியவை அவை.

பெட்டி செய்வதனால் மட்டும் பிள்ளைக்கு ழகரம் வந்துவிடாது. அதை நாவில் ஏற்றவேண்டியவர் தாயும் தந்தையும் பாட்டியுமே. ஆயினும் அவர்கள் ஊட்டும் மொழியை வீட்டிலுள்ள கருவி கெடுக்காமலாவது இருக்கவேண்டும். நம் வீட்டுப் பெட்டிகள் இப்பொழுது ஓராண்டாக ஒலிக்கின்றன. வாழை வாழையாகவே கேட்கிறது. சிறுவன் இன்னும் சில வேளைகளில் தவறிச் சொல்லுகிறான். ஆனால் தவறு என்று தானே அறிந்து திருத்திக்கொள்கிறான். நான்கு ஞாயிற்றுக்கிழமை உழைப்புக்கு இது போதிய ஊதியம் என்றே கருதுகிறோம்.